அட்டாக்சியா: மருந்து தேடிய வரலாறு

நடக்கும்போது கால் தடுமாறுவது, கையை நீட்டினால் பொருளைச் சரியாகப் பிடிக்க முடியாமல் போவது, பேச்சு குழறுவது, கண்கள் ஓரிடத்தில் நிலைக்காமல் ஆடுவது ஆகியவை சேர்ந்து தோன்றும் நிலைக்கு அட்டாக்சியா என்று பெயர். ஒழுங்கின்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. தசைகளில் வலு இருக்கும். ஆனால் அவை ஒன்றோடொன்று இசைந்து இயங்கா. மதுவைத் தொட்டே பார்க்காதவரைக் குடிகாரர் என்று தெருவில் ஏசும் கொடுமையும் இந்நோயாளிகளுக்கு நேர்வதுண்டு.

சிறுமூளை, தண்டுவடம், அவற்றை இணைக்கும் நரம்புப் பாதைகள் ஆகியவற்றில் எங்கே பழுது ஏற்பட்டாலும் அட்டாக்சியா வரலாம். எனவே இது ஒரு தனி நோயின் பெயரன்று. காய்ச்சலைப் போல ஓர் அறிகுறியின் பெயர். எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மருந்து இல்லை என்பதை நாம் அறிவோம். அட்டாக்சியாவைப் பொறுத்தவரை இந்த எளிய உண்மை தெளிவாகப் புலப்பட நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் பல மருந்துகள் வந்து போயின.

வெள்ளி உப்பும் தொங்கும் கயிறும்

பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1858-59 ஆண்டுகளில், நடை மெல்ல மெல்லக் குலையும் ஒரு நோயை விரிவாக விவரித்தார். தண்டுவடத்தின் பின்பகுதி நலிவதால் வரும் அந்நோய் பின்னர் டேபிஸ் என்று அறியப்பட்டது. இதற்கு 1861-இல் வுண்டர்லிக் என்ற ஜெர்மானிய மருத்துவர் வெள்ளி நைட்ரேட்டைப் பரிந்துரைத்தார். அடுத்த ஆண்டு பாரிஸ் நகரின் ஷார்கோ, வுல்பியான் ஆகிய இருவரும் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பயன் கண்டதாக எழுதினர். அந்த உப்பை நெடுநாள் உட்கொண்டால் உடலில் வெள்ளி படிந்து தோல் சாம்பல் நிறமாகிவிடும். அந்த நிறம் பிறகு மாறுவதேயில்லை. நோய் தீரவில்லை, நிறம் மட்டும் மாறியது.

ஒடெசா நகர மருத்துவர் மொச்சுட்கோவ்ஸ்கி 1883-இல் வேறொரு முறையைக் கொண்டுவந்தார். தாடைக்கும் அக்குளுக்கும் வார் கட்டி நோயாளியைச் சில நிமிடங்கள் தொங்கவிடுவதே அம்முறை. 1889-இல் ஷார்கோவும் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் இதனைக் கையாண்டார். ஐரோப்பாவின் தலைசிறந்த நரம்பியல் அறிஞர் செய்தார் என்பதால் இம்முறை பல நாடுகளுக்குப் பரவியது. எழுத்தாளர் அல்போன்ஸ் தோதேயும் இவ்வாறு தொங்கவிடப்பட்டவர்களில் ஒருவர். பயனில்லை என்று தெரிந்ததும் சில ஆண்டுகளில் கைவிட்டார்கள். பெரியவர் ஒருவர் சொன்னார் என்பதே போதிய சான்றாக இருந்த காலம் அது.

டேபிஸ் நோயின் மூலகாரணம் சிபிலிஸ் என்ற பால்வினை நோய். அதன் கிருமி 1905-இல் கண்டறியப்பட்டது. 1943 முதல் பெனிசிலின் கொடுக்கும் வழக்கம் வந்தபின் டேபிஸ் அரிதாகிவிட்டது.

இதற்கிடையே ஹைடல்பர்க் நகரப் பேராசிரியர் நிக்கோலாஸ் பிரீட்ரைக் 1863-இல் ஒன்றைக் கவனித்தார். சில குடும்பங்களில் உடன்பிறந்தவர்களுக்கு இளமையிலேயே தடுமாற்றம் தொடங்குகிறது. அவர்களுக்கு சிபிலிஸ் இல்லை. இது வேறு நோய் என்று அவர் எழுதியதைப் பலர் உடனே ஏற்கவில்லை. இன்று அது அவர் பெயராலேயே பிரீட்ரைக் அட்டாக்சியா எனப்படுகிறது. மருந்தின் வரலாற்றில் இதை முதல் திருப்பம் என்று சொல்லலாம். பிரித்தறிவது தொடங்கியது, மருந்து கிடைக்க மட்டும் 160 ஆண்டுகள் ஆயின.

அரிசித் தவிட்டில் இருந்த மருந்து

கார்ல் வெர்னிக்கே 1881-இல் மூன்று நோயாளிகளைப் பற்றி எழுதினார். கண் அசைவு தடைபடுதல், மனக்குழப்பம், நடைத் தடுமாற்றம் ஆகிய மூன்றும் அவர்களிடம் ஒருங்கே காணப்பட்டன. தயமின் என்னும் வைட்டமின் பி1 குறைவதே காரணம் என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. தீட்டிய அரிசியை மட்டுமே உண்டவர்களுக்கு வந்த பெரிபெரி நோய்தான் தயமினைக் கண்டறிய வழி காட்டியது. 1926-இல் ஜாவாவில் யான்சன், டோனாத் இருவரும் அதைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுத்தனர். 1936-இல் ராபர்ட் வில்லியம்ஸ் அதனை ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்தார். இந்த அமெரிக்க வேதியியலாளர் பிறந்த ஊர் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

இரண்டாம் உலகப் போரின்போது சிங்கப்பூரில் ஜப்பானியரிடம் சிறைப்பட்டிருந்த பிரிட்டிஷ் மருத்துவர் டி வார்டனர், அங்கிருந்த கைதிகளிடம் வெர்னிக்கே நோயைக் கண்டார். கிடைத்த சொற்பத் தயமினை ஊசியாகப் போட்டதில் பலரிடம் சில நாட்களிலேயே முன்னேற்றம் தெரிந்தது. போர் முடிந்தபின் 1947-இல் அவரும் லெனாக்ஸும் 52 நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டனர். காலத்தோடு கொடுத்தால் கண் அசைவு விரைவில் சீராகும். நடை மெதுவாகத்தான் திரும்பும், சிலருக்கு முழுமையாகத் திரும்பாது. இன்றும் மிகுதியாகக் குடிப்பவர்களுக்கும் நீடித்த வாந்தியால் உணவு தங்காதவர்களுக்கும் இந்நோய் வருகிறது.

நம் புழுங்கல் அரிசியைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள தயமினில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை.

நோயைத் தேடிய வைட்டமின்

துணை உணவுகளில் அட்டாக்சியாவுக்கு மிகத் தெளிவாகப் பயன் தந்தது வைட்டமின் ஈ. ஆனால் யாருக்கு என்பதுதான் கேள்வி.

கலிபோர்னியாவில் ஹெர்பர்ட் எவன்ஸ், கேத்தரின் பிஷப் இருவரும் 1922-இல் எலிகளின் கருவளர்ச்சிக்குத் தேவையான ஒரு பொருள் உணவில் இருப்பதைக் கண்டனர். பிள்ளைப்பேறு என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு அதற்குப் பின்னர் டோகோபெரால் என்று பெயர் வைக்கப்பட்டது. மனிதருக்கு அது குறைந்தால் என்ன ஆகும் என்பது மட்டும் நெடுங்காலம் தெரியவில்லை. 1950-இல் பாசன், கோர்ன்ஸ்வைக் என்ற நியூயார்க் மருத்துவர்கள் கொழுப்பைக் குடல் உறிஞ்ச முடியாத ஓர் அரிய நோயை விவரித்தனர். அதில் அட்டாக்சியாவும் பார்வைக் குறைவும் உண்டு. கொழுப்பில் கரையும் வைட்டமின் ஈயும் அந்நோயாளிகளின் இரத்தத்தில் இல்லை. லண்டனில் குழந்தைகள் மருத்துவர்கள் முல்லர், லாயிட் ஆகியோர் அதை மிக அதிக அளவில் கொடுத்து நரம்புச் சிதைவைத் தடுக்க முடியும் என்று காட்டினர்.

1980களில் மற்றொரு புதிர் எழுந்தது. கொழுப்பு உறிஞ்சுவதில் எந்தக் குறையும் இல்லாத சிலருக்கும் வைட்டமின் ஈ மிகக் குறைவாக இருந்தது, அவர்களுக்கும் அட்டாக்சியா. பார்ப்பதற்கு அச்சாகப் பிரீட்ரைக் நோய் போலவே இருந்தது. வட ஆப்பிரிக்காவின் துனிசியாவில் பென் ஹமிதா குழுவினர் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்து, 1993-இல் குறைபாடு 8ஆம் குரோமோசோமில் உள்ளது என்று அறிவித்தனர். பிரீட்ரைக் நோயின் மரபணு இருப்பதோ 9ஆம் குரோமோசோமில். 1995-இல் மரபணுவே அகப்பட்டது. உணவில் வரும் வைட்டமின் ஈயைக் கல்லீரலில் வாங்கி, இரத்தத்தில் செல்லும் கொழுப்புத் துகள்களில் ஏற்றிவிடும் ஒரு புரதம் நம் உடலில் உண்டு. சந்தைக்குப் போகும் வண்டியில் மூட்டை ஏற்றுபவர் போன்றது அது. அவர் வராவிட்டால் விளைச்சல் எவ்வளவு இருந்தும் சந்தைக்குச் சரக்கு போகாது. இந்நோயாளிகளிடம் அப்புரதம் வேலை செய்வதில்லை.

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 15 மி.கி. வைட்டமின் ஈ போதும். இந்நோயாளிகளுக்கு 800 முதல் 1500 மி.கி. வரை வாழ்நாள் முழுதும் கொடுக்கிறார்கள். நோய் அங்கேயே நிற்கிறது. சிலருக்கு ஓரளவு குறைகிறது. இழந்தது முழுவதும் திரும்புவதில்லை என்பதால் காலம் தாழ்த்துவது பெரும் இழப்பு. அறிகுறி தோன்றாத உடன்பிறப்புகளையும் பரிசோதித்து முன்கூட்டியே கொடுத்தால் நோய் வராமலே தடுக்கலாம். இளம் வயதில் காரணம் தெரியாத அட்டாக்சியா வந்தால் இரத்தத்தில் வைட்டமின் ஈ அளவைப் பார்க்க வேண்டும் என்று நரம்பியல் நூல்கள் வற்புறுத்துவது இதனால்தான். இந்த வெற்றியைக் கேள்விப்பட்டு, குறைபாடே இல்லாதவர்கள் கடையில் வாங்கி விழுங்கினால் அதே பலன் கிடைக்கும் என்பதற்குச் சான்று இல்லை. அளவு மிஞ்சினால் இரத்தக் கசிவுக்கும் அது வழி வகுக்கும்.

காரணம் தெரியும் முன்பே கிடைத்த மாத்திரை

காரணத்தை அறிந்தபின் மருந்து என்ற வரிசை எப்போதும் பொருந்துவதில்லை. அசெட்டசோலமைடு அதற்கு விலக்கு. சல்பா மருந்து உண்டவர்களின் உடலில் கார அமிலச் சமநிலை மாறுவதைக் கவனித்ததிலிருந்து, 1950 அளவில் உருவான மருந்து இது. கண் அழுத்த நோய்க்கும் உடலில் சேர்ந்த நீரை வெளியேற்றவும் பயன்பட்டது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் கிரிக்ஸ், விட்டு விட்டு வரும் பக்கவாதம் போன்ற ஒரு பரம்பரை நோய்க்கு இதனைக் கொடுத்து 1970-இல் பயன் கண்டிருந்தார். அட்டாக்சியாவிலும் விட்டு விட்டு வரும் வகை ஒன்று உண்டு. சில மணி நேரம் நிற்கவே முடியாது; பிறகு ஏறக்குறைய இயல்பு நிலை. 1978-இல் கிரிக்ஸும் உடன் பணியாற்றியவர்களும் இவ்வகை நோயாளிகளுக்கு அதே மாத்திரையைக் கொடுத்தபோது தாக்குதல்கள் நின்றன. நரம்புச் செல்களில் கால்சியம் புகும் வாயிலை அமைக்கும் மரபணுவில் உள்ள பிழையே காரணம் என்பது 1996-இல்தான் தெரிந்தது. விரல்களில் மதமதப்பும் சிறுநீரகக் கல்லும் இம்மருந்தின் தொல்லைகள். இதை ஏற்க முடியாதவர்களுக்கு 4-அமினோபிரிடின் என்ற மருந்தும் உதவுகிறது. பயிரைக் கெடுக்கும் பறவைகளை விரட்ட விஷமாகப் பயன்பட்ட அதே பொருள்தான்!

பிரீட்ரைக் நோயாளிகளின் நீண்ட காத்திருப்பு

1970களில் லெசித்தின், கோலின் போன்ற துணை உணவுகள் மீது பெரிய நம்பிக்கை இருந்தது. முறையான சோதனைகளில் அவை நிலைக்கவில்லை. 1996-இல் பிரீட்ரைக் நோயின் மரபணு கண்டறியப்பட்டது. பிராடாக்சின் என்ற புரதம் குறைவதால் மைட்டோகாண்ட்ரியாவில் இரும்பு சேர்ந்து, செல்லுக்கு ஆற்றல் தரும் வேலை கெடுகிறது என்ற கருத்து அடுத்த ஆண்டே உருவானது. கோஎன்சைம் கியூ10-இன் உறவுப் பொருளான ஐடிபினோன் அப்போது முன்னுக்கு வந்தது. ஜப்பானில் முதுமை மறதிக்கென உருவாக்கப்பட்ட மருந்து அது. 1999-இல் பாரிஸ் குழுவொன்று மூன்றே நோயாளிகளிடம் இதயத் தசைத் தடிப்பு குறைந்ததாக வெளியிட்டது. மூவர் என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. ஆனால் வேறெதுவும் இல்லாத குடும்பங்களுக்கு அது போதுமானதாகத் தோன்றியது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கனடா 2008-இல் நிபந்தனையோடு அனுமதி கொடுத்தது. பெரிய சோதனைகளில் பயன் நிறுவப்படாததால் 2013-இல் மருந்து அங்கே சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது.

2023 பிப்ரவரி 28 அன்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓமவெலோக்சோலோன் என்ற மருந்துக்கு அனுமதி அளித்தது. அன்று அரிய நோய்கள் நாளும்கூட. பிரீட்ரைக் அட்டாக்சியாவுக்கென அனுமதி பெற்ற முதல் மருந்து இதுவே. செல்லின் இயல்பான தற்காப்பு அமைப்பைத் தூண்டி மைட்டோகாண்ட்ரியாவைக் காப்பது இதன் வேலை. 103 பேர் பங்கேற்ற 48 வாரச் சோதனையில், மருந்து உண்டவர்களுக்கும் போலி மாத்திரை உண்டவர்களுக்கும் இடையே நரம்பியல் அளவுகோலில் கிடைத்த வேறுபாடு 2.4 புள்ளிகள். குணம் என்று இதைச் சொல்ல இயலாது. சரிவின் வேகம் குறைகிறது. 16 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கே அனுமதி. ஈரல் நொதிகள் உயருவதால் தொடர்ந்து இரத்தப் பரிசோதனை வேண்டும். அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை ஆண்டுக்குச் சுமார் 3,70,000 டாலர். நடுத்தரக் குடும்பம் எதுவும் எண்ணிப் பார்க்கக்கூடிய தொகையன்று.

ஒரே மருந்து, இரண்டு முடிவுகள்

தசை இறுக்கத்தைக் குறைக்கும் பேக்லோபென் போன்ற மருந்துகள் எல்லா வகை நோயாளிகளுக்கும் தேவைக்கேற்பத் தரப்படுகின்றன. அது 1962-இல் வலிப்பு நோய்க்கென உருவாக்கப்பட்டு அதில் தோற்றுப்போன மருந்து. ஜப்பானில் சிறுமூளை நலிவுக்கு டால்டிரெலின் 2000 முதல் வழங்கப்படுகிறது. ரிலுசோல் என்ற மருந்து இத்தாலியில் 2010, 2015 ஆண்டுகளில் நடந்த சோதனைகளில், பல வகை நோயாளிகள் கலந்த குழுவினரிடம் நற்பயன் காட்டியது. 2022-இல் பிரான்சில் இரண்டாம் வகைப் பரம்பரை அட்டாக்சியா உள்ளவர்களை மட்டும் கொண்டு செய்த சோதனையில் பயன் தெரியவில்லை.

அசெட்டில் லூசின் கதை இதைவிடச் சுவையானது. பிரான்சில் 1957 முதல் தலைச்சுற்றலுக்கு விற்கப்பட்டு வந்த எளிய அமினோ அமில மருந்து அது. 2021-இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் பல வகைச் சிறுமூளை அட்டாக்சியா நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துச் சோதித்தபோது, போலி மாத்திரையைவிட அது மேலாக இல்லை. பிறகு அதன் ஒரு வடிவத்தை நீமன்-பிக் சி என்ற அரிய பரம்பரை நோயில் அட்டாக்சியா உள்ளவர்களுக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 60 பேர் பங்கேற்ற அச்சோதனையில் 12 வாரங்களில் முன்னேற்றம் தெரிந்தது. 2024 செப்டம்பரில் அமெரிக்கா அதற்கு அனுமதி வழங்கியது.