பாட்டைத் திருத்தும் உரிமை

மாலைநேர வகுப்புகளில் பிள்ளைகளுக்கு விடுதலைப் பாடல்களைச் சொல்லிக்கொடுக்கிறோம். அவர்களும் பிழையில்லாமல் பாடிக்காட்டுகிறார்கள். அதோடு நம் வேலை முடிந்துவிடுகிறதா தோழர்களே? அம்பேத்கர் பாட்டையே ஆனாலும் ஒப்பிக்க வைத்தால், அது இன்னொரு பாடப்புத்தகம்தான். இதை எங்களுக்கு உணர்த்தியது 'பரட்டை அண்ணன்' வரலாறு.

தியாபிலஸ் அப்பாவு (1940–2005) மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் கற்பித்த தலித் இறையியலாளர். அவர் காலத்துத் தமிழ்த் திருச்சபைகளில் ஒருபக்கம் மொழிபெயர்த்த மேற்கத்தியப் பாமாலை, மறுபக்கம் கர்நாடக இசைக் கீர்த்தனை. சபையில் பெரும்பான்மையாக இருந்த ஒடுக்கப்பட்ட மக்களின் மெட்டும், பேச்சுத்தமிழும், பறையும் வாசலுக்கு வெளியே. அவற்றை வழிபாட்டின் நடுவே கொண்டுவந்தவர் அவர்.

அவர் வாதம் எளிமையானது. கீர்த்தனை கற்கக் குரு வேண்டும், காசு வேண்டும், காலம் வேண்டும். நாட்டார் பாட்டுக்கு அவை வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது: பாடுகிறவர் எவரும் அதை மாற்றலாம். நடவு வயலில் ஒருத்தி தன் அடியைச் சேர்க்கும்போது பாட்டு அவளுடையதாகிறது. மாற்றிப் படைக்கும் இந்த உரிமையில்தான் அவர் விடுதலையைக் கண்டார். இசை ஆய்வாளர் ஸோயி ஷெரினியன் 2014இல் வெளியிட்ட நூல் இதை விரிவாகப் பேசுகிறது.

எங்கள் வகுப்பில் இதைச் செய்துபார்த்தோம். பாட்டிமார் பாடும் கும்மி மெட்டு ஒன்று. ஆளுக்கு ஓர் அடி. முதல் வாரம் நிலாவும் வண்ணத்துப்பூச்சியும்தான் வந்தன. மூன்றாம் வாரம் ஒரு சிறுமி, அப்பா அடிக்கும் அடிக்குச் சாமி ஆடுது, அப்பா மட்டும் தேருக்குப் பின்னால நிக்கிறாரு என்று பாடினாள். "பின்னாலயா? முன்னாலன்னு மாத்து" என்றான் ஒரு பையன். "நடக்கிறதத்தானே பாடணும்" என்றாள் அவள். அரைமணி நேரம் சண்டை. கடைசியில் இரண்டு அடியையும் பாடினார்கள். நாங்கள் எடுத்த எந்தச் சாதி ஒழிப்பு வகுப்பும் அவ்வளவு சூடாக நடந்ததில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். பிள்ளைகளின் பேச்சுத்தமிழைத் திருத்தாதீர்கள். பறையை அவர்கள்மேல் திணிக்காதீர்கள். சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைத் தூக்கி எறிந்த குடும்பங்களின் போராட்டமும் நம் வரலாறுதான். கைத்தட்டும் ஒரு மெட்டும் போதும்.

அடுத்த வகுப்பில் நமக்குப் பிடித்த பாட்டையே பிள்ளைகளிடம் கொடுப்போம். அதில் ஓர் அடியை அவர்கள் மாற்றட்டும்.