கொழுந்து மலையில் தேநீரகங்கள்: கடை யார் கையில்?

கேமரன் மலைக்குப் போகிறவர்கள் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்காமல் திரும்புவதில்லை. தோட்டத்தைப் பார்த்தவர்கள், அதன் எதிரே உட்கார்ந்து ஒரு கோப்பைத் தேநீர் குடிக்காமல் கிளம்புவதும் அரிது. 'டீ ஹவுஸ்' என்று எல்லாரும் அழைக்கும் இந்தத் தேநீரகங்கள் ஒரு காலத்தில் தோட்டத்தின் ஓரமாக இருந்த சிறு கடைகள்தான். இன்று இந்த மலையின் சுற்றுலாவே அவற்றைச் சுற்றி நடக்கிறது. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கங்களில் தொடங்கிய இந்த வளர்ச்சி வடக்கே கோலா தெர்லா வரை வந்து சேர்ந்திருக்கிறது.

இந்த மலையில் தேயிலை நட்டு, கொழுந்து பறித்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். ஆகவே தேநீரகங்கள் எப்படி வளர்ந்தன என்பதோடு, அந்த வளர்ச்சியில் உழைத்தவர்களின் பிள்ளைகளுக்கு என்ன பங்கு என்பதும் நம் சமூகத்துக்குரிய கேள்வியாகிறது.

சாலையும் தேயிலையும்

1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மலைப்பகுதியை ஆராய்ந்தார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. ஆனால் அதன் பிறகு பல ஆண்டுகள் இது காடாகவே கிடந்தது. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்குச் சாலை போட்டு முடிந்தது 1931-இல்தான்.

சாலை முடிவதற்கு முன்பே தேயிலை வந்துவிட்டது. 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலைத் தோட்ட அனுபவம் பெற்ற ஏ.பி. மில்னுடன் சேர்ந்து போ நிறுவனத்தைத் தொடங்கினார். உலகம் முழுவதும் பொருளாதார மந்தம் தலைகாட்டிய ஆண்டு அது. 1933-இல் அகர்வால் குடும்பத்தினரின் பாரத் தேயிலை நிறுவனம் வந்தது. கம்போங் ராஜா பக்கம் புளூ வேலி தோட்டமும் உருவானது.

காட்டை வெட்டி, சரிவில் கன்று நட்டு, கொழுந்து பறிக்க ஆட்கள் தேவைப்பட்டார்கள். ரப்பர் தோட்டங்களைப் போலவே இங்கும் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களே அந்த வேலையைச் செய்தார்கள். உடலுழைப்புத் தொழிலாளர்களை உதவி கொடுத்து மலாயாவுக்கு அனுப்பும் முறையை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்தியது. அதற்குப் பிறகு லயத்து வீடுகளில் பிறந்து வளர்ந்த தலைமுறைகளே தோட்டங்களைத் தாங்கின. கோவில், தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் திருவிழா எல்லாம் அந்த லயங்களைச் சுற்றியே வளர்ந்தன. போ, சுங்கை பாலாஸ், புளூ வேலி ஆகிய தோட்டங்களின் பெயரால் இன்றும் தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. கோலா தெர்லாவுக்கும் ஒரு தமிழ்ப்பள்ளி உண்டு.

கடைக்கோடி வாசலான கதை

தாப்பா சாலை மட்டும் இருந்த காலத்தில் கோலா தெர்லா மலையின் கடைக்கோடி. ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங், திரிங்காப் எல்லாவற்றையும் தாண்டித்தான் இங்கு வர முடியும். வார இறுதிக்கு வந்த சுற்றுப்பயணிகள் பெரும்பாலும் பிரிஞ்சாங்கோடு திரும்பிவிடுவார்கள்.

2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஈப்போவுக்கு அருகே உள்ள சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்குப் புதுச் சாலை திறந்தது. வளைவுகள் குறைந்த, அகலமான சாலை அது. ஈப்போவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வருகிறவர்கள் அந்த வழியைப் பிடித்தார்கள். கம்போங் ராஜாவைத் தாண்டியதும் வருவது கோலா தெர்லா. அதுவரை கடைசி ஊர்களில் ஒன்றாக இருந்தது, வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் ஊர்களில் ஒன்றாகிவிட்டது. காய்கறித் தோட்டங்களுக்கும் நெகிழிக் கூடாரங்களுக்கும் பேர்போன இந்தச் சாலையோரத்தில் பாரத் நிறுவனத்தின் தேயிலைச் சரிவும் தேநீரகமும் கண்ணில் படும் இடமாயின.

தேநீரகம் வளர்வதற்குத் தேநீரின் சுவை மட்டும் போதாது. வாகனம் நிற்கும் இடம், பச்சைச் சரிவு தெரியும் மேசை, சாலையின் திசை மூன்றும் சேர வேண்டும். சுங்கை பாலாஸில் போ நிறுவனம் கட்டிய தேயிலை மையம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பள்ளத்தாக்கின் மேல் நீண்டு நிற்கும் அதன் தளத்தில் நின்று படம் எடுப்பதற்கென்றே மக்கள் குறுகலான தோட்டச் சாலையில் ஏறிப் போகிறார்கள்.

இப்படி வருகிறவர்களை நம்பிய தொழிலுக்கு ஒரு பலவீனமும் உண்டு. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது மலைக்கு வரும் வாகனங்கள் நின்றன. மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தடை 2021 அக்டோபரில்தான் முழுதாக நீங்கியது. கொழுந்து தளிர்ப்பதை எந்த ஆணையும் நிறுத்தவில்லை. மேசைகள் மட்டும் காலியாகக் கிடந்தன.

கிலோவிலிருந்து கோப்பைக்கு

தோட்ட நிறுவனங்கள் ஏன் கடை நடத்த வருகின்றன? கணக்கு எளிது. ஏறத்தாழ 5 கிலோ பச்சைக் கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு, உலர்த்திச் சலித்தால் 1 கிலோ தேயிலைத் தூள் கிடைக்கும். ஒரு கோப்பைக்கு 2 கிராம் என்று வைத்தால் 1 கிலோ தூளில் 500 கோப்பைத் தேநீர் போடலாம். அதாவது ஒரு கிலோ பச்சைக் கொழுந்து 100 கோப்பைத் தேநீராகிறது.

தூளை மூட்டையாக விற்றால் உலகச் சந்தை விலையோடு போட்டி போட வேண்டும். மலேசியா தான் விளைவிப்பதைவிட அதிகத் தேயிலையை வெளிநாட்டிலிருந்து வாங்கும் நாடு. இங்கே கூலியும் நிலமும் விலை கூடியவை. அதே தூளைப் பெட்டியில் போட்டுத் தோட்டப் பெயரோடு விற்றால் விலை கூடும். தோட்டத்தின் எதிரிலேயே கோப்பையில் ஊற்றி, பக்கத்தில் ஸ்கோனும் ஸ்ட்ராபெர்ரி ஜாமும் வைத்து விற்றால் இன்னும் கூடும். வருகிறவர் தேநீருக்கு மட்டும் பணம் கொடுப்பதில்லை, கண்ணுக்குத் தெரியும் சரிவுக்கும் சேர்த்தே கொடுக்கிறார்.

அந்தச் சரிவைச் சீராக வைத்திருப்பது கொழுந்து பறிக்கும் கை. பல இடங்களில் கையால் பறிப்பது குறைந்து கத்திரி வந்தது. பிறகு இருவர் பிடித்துப் போகும் இயந்திரம் வந்தது. தோட்ட வேலையில் இன்று அந்நியத் தொழிலாளர்கள் பெரும் பங்கு வகிக்கிறார்கள். தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கியது. 2022 மே மாதம் 1,500 ரிங்கிட்டாகவும், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது. இது வரவேற்கத்தக்க முன்னேற்றம். ஆனால் சம்பளம் மாதக் கணக்கு. கோப்பையின் விலை ஏறும்போது கிடைக்கும் கூடுதல் வருமானம் கடையின் உரிமையாளருக்கே போகும். இது எந்த நிறுவனத்தின் மீதும் குற்றச்சாட்டு அல்ல, கடை என்ற தொழிலின் இயல்பு. அப்படியானால் உழைக்கிறவர்களே கடைக்கு உரிமையாளராக முடியுமா? அப்படி நடந்த ஒரு வரலாறு தென்னிந்தியாவில் இருக்கிறது.

மூடப்பட்ட கடைகளை எடுத்து நடத்தியவர்கள்

1930-களின் மந்தத்தில் இந்தியாவில் காப்பிக்கொட்டை விற்காமல் தேங்கியது. உள்நாட்டிலேயே காப்பி குடிக்கும் பழக்கத்தைப் பரப்ப, காப்பி வரிக் குழு 1936-இல் பம்பாயில் ஒரு காப்பிக் கடை திறந்தது. பிறகு காப்பி வாரியம் அமைந்து, பல நகரங்களில் இந்தியா காபி ஹவுஸ் கிளைகள் பரவின. கல்கத்தாவில் கல்லூரித் தெருவின் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கடை, மாணவர்களும் எழுத்தாளர்களும் கூடும் இடமாகப் பெயர் பெற்றது.

1950-களின் நடுவில் வாரியம் இந்தக் கடைகளை மூட முடிவெடுத்தது. பரிமாறுகிறவர்களும் சமையற்காரர்களும் வேலையிழக்கும் நிலை. கண்ணூர்க்காரரான பொதுவுடைமைத் தலைவர் ஏ.கே. கோபாலன் அவர்களுக்கு ஒரு யோசனை சொன்னார். வேலை கேட்டுப் போராடுவதோடு நிற்காமல், கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்பதே அது.

1957 ஆகஸ்ட் 19-இல் பெங்களூரில் முதல் சங்கம் பிறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 27-இல் புதுடில்லியில் தொழிலாளர்களின் முதல் கடை திறந்தது. 1958 மார்ச் 8-இல் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை வந்தது. பெயரிலும் ஒரு சிறு மாற்றம்: 'இந்தியா' காபி ஹவுஸ் 'இந்தியன்' காபி ஹவுஸ் ஆனது. புதுச்சேரி நேரு வீதியில் உள்ள கடை தமிழர் பலருக்குப் பழக்கமானது. திருவனந்தபுரம் தம்பானூரில் லாரி பேக்கர் வடிவமைத்த, சுருளாக மேலேறும் கட்டடத்தில் உள்ள கடையைப் பார்க்கவே பயணிகள் வருகிறார்கள்.

காலப்போக்கில் பல மாநிலங்களில் 13 சங்கங்கள், ஏறத்தாழ 400 கடைகள் என்று அது வளர்ந்தது. வெளி முதலாளி இல்லை. விசிறி போன்ற தலைப்பாகையோடு பரிமாறுகிறவரும் சங்கத்தின் உறுப்பினர். விலை குறைவு, விளம்பரம் இல்லை. கேரளத்தில் பீட்ரூட் கலந்த மசால் தோசையே அதன் அடையாளம்.

எல்லாம் வெற்றிக் கதை என்று சொல்ல முடியாது. சில இடங்களில் கடைகள் நட்டத்தில் ஓடின, சில மூடப்பட்டன. பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் அரை நூற்றாண்டு நடந்த கடை, 2009-இல் அந்த வாடகை இடத்தை விட்டுச் சர்ச் தெருவுக்கு மாற வேண்டியதாயிற்று. கடை தொழிலாளருடையதாக இருந்தாலும் கட்டடம் வேறொருவருடையது என்றால் பாதி உரிமைதான் என்பதை அது காட்டியது.

பத்து வெள்ளியில் ஒரு தோட்டம்

இடத்தையே வாங்கிய தொழிலாளர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். விடுதலைக்குப் பின் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடி விற்றார்கள். பல குடும்பங்கள் வேலையும் லயத்து வீடும் இழந்து நின்றன. அப்போது துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி சேமியுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் அது வாங்கிய முதல் தோட்டம்.

நாள் கூலி வாங்கியவர்களின் சிறு தொகைகள் சேர்ந்து ஒரு தோட்டமே வாங்கப்பட்டது. அவர்களிடம் கல்வியும் முதலீடும் குறைவு. ஒன்றுசேரும் ஏற்பாடும் நம்பிக்கையும் இருந்தன.

இந்த மலைக்குப் பொருந்துமா?

ஒரு தேயிலைத் தோட்டத்தை வாங்குவது இன்று பெரும் முதலீடு. ஒரு தேநீரகம் அந்த அளவுக்குப் பெரிதல்ல. தூள் தோட்டத்திலிருந்தே வாங்கலாம். தோசை, வடை, நாசி லெமாக் செய்யத் தெரிந்த கைகள் ஊரிலேயே உண்டு. வடக்கிலிருந்து வரும் சாலை கோலா தெர்லா வழியாகவே போகிறது. 1993-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் நடப்பில் உள்ளது. பதிவுக்கும் கண்காணிப்புக்கும் மலேசியக் கூட்டுறவு ஆணையம் இருக்கிறது.

கடினமானவையும் தெளிவாகவே தெரிகின்றன. இந்த மலையில் நில உரிமை எளிதில் கிடைப்பதில்லை. வாடகை இடமென்றால் பெங்களூரின் பாடத்தை மறக்கக் கூடாது: ஒப்பந்தம் நீண்ட காலத்துக்கு எழுத்தில் இருக்க வேண்டும். வார இறுதியில் நிரம்பி வழியும் கடை செவ்வாய்க்கிழமை காலியாக இருக்கும். சுற்றுப்பயணிகளை மட்டும் நம்பினால் 2020-இல் நடந்தது மீண்டும் நடக்கலாம். ஆகவே ஊர் மக்கள் தினமும் வந்து குடிக்கக் கூடிய விலையில் காலைத் தேநீரும் இருக்க வேண்டும். இந்தியன் காபி ஹவுஸ் நிலைத்து நின்றதற்கு ஒரு காரணம், அதே ஊர்க்காரர்கள் தினமும் அதே மேசைக்கு வந்ததுதான்.

தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள் என்ற கவலை இந்த மலையில் அடிக்கடி கேட்கிறது. பிள்ளைகள் குறைவதற்கு முன் அவர்களின் பெற்றோருக்கு ஊரிலேயே நிலைக்கக் கூடிய பிழைப்பு குறைந்தது. தேநீரகங்கள் வளர்ந்துவரும் இந்நேரத்தில் அங்கே தட்டு ஏந்தும் வேலை கிடைப்பது ஒரு வாய்ப்பு. கடையில் பங்கு கிடைப்பது அதைவிடப் பெரிய வாய்ப்பு. அதற்கான முதல் கூட்டத்தை ஊரின் கோவில் மண்டபத்திலோ பள்ளி வளாகத்திலோ கூட்டிவிடலாம். 1957-இல் பெங்களூரிலும் 1960-இல் நம் தோட்டங்களிலும் தொழிலாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசித்தான் தொடங்கினார்கள்.