பெருவிலையும் ஏலமும்

ஏலம் என்னும் சொல் போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்தது என்பர். சொல் புதிதாயினும் வழக்கம் பழையது என்று கூறி, சோழர் காலத்து நிலவிலை ஆவணங்களைச் சான்று காட்டுதல் உண்டு. அச்சான்று எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

அவ்வாவணங்கள் பலவற்றில் ஒரு வாய்பாடு அமைந்துள்ளது. விற்போர் 'கொள்வாருளரோ' என முற்கூறுவர். அதுகேட்ட கொள்வோர் மறுமொழி பிற்கூறுவர். பின்னர் 'எம்மிலிசைந்த விலைப்பொருள்' இவ்வளவு எனக் குறிக்கப்பெறும். அதனை ஆவணக்களரியிலே கைச்செலவறப் பெற்றமை சொல்லப்படும். முற்கூறல் என்றவுடன் பலர் கூடி விலையேற்றிய காட்சி நம் மனக்கண்முன் தோன்றுதல் இயல்பே. ஆயின் வாய்பாடு அதனைக் கூறவில்லை. 'எம்மிலிசைந்த' என்பது இருதிறத்தார் பேசி முடித்த விலையையே உணர்த்தும். கேட்டுத் தோற்றவர்க்கு அதில் இடமே இல்லை. பலரறிய விற்றமையைப் பதிவு செய்து, பின்னர் எழும் வழக்கைத் தடுத்தலே முற்கூறலின் பயன் எனக் கருதுகின்றோம். எனவே முற்கூறல் கண்ட இடமெல்லாம் ஏலம் எனத் துணிதல் தவறு.

பெருவிலை என்பது இதனின் வேறு. அரசாணையால் நிகழ்ந்த விலையை இராசராசப் பெருவிலை எனவும், கோயில் நிலத்தைச் சண்டேசுவரர் பெயரால் விற்றதைச் சண்டேசுவரப் பெருவிலை எனவும் கல்வெட்டுக்கள் வழங்குகின்றன. இங்கே நிலமுடையவன் இசைவு வேண்டப்படவில்லை. முதலாம் இராசராசனது 24ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 1008-09 அளவில், பொறிக்கப்பெற்ற உக்கற் கல்வெட்டு, இரண்டு முழு ஆண்டுகள் வரியிறாதார் நிலத்தை அவ்வூரவர் விற்றுக்கொள்ளலாம் என்னும் ஆணையைத் தருகின்றது. ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உடைமை அரசாணைப்படி விற்கப்பட்டதை உடையார்குடிக் கல்வெட்டால் அறிகின்றோம். ஒருபால் கொலைத் துரோகம், ஒருபால் வரி நிலுவை. இழந்தது இருபாலும் நிலமே.

இக்காலச் சட்டம் விலைகேட்போனை எவ்வாறு நடத்துகின்றது என்பதை ஒப்பிடுதல் பயனுடைத்து. 1789இல் இங்கிலாந்தில் பெயின் - கேவ் வழக்கில், 40 பவுன் கேட்ட ஒருவன் சுத்தி விழுமுன் தன் கேள்வியை விலக்கிக்கொண்டான். விலக்கிக்கொள்ள அவனுக்கு உரிமையுண்டு என மன்றம் தீர்த்தது. ஏற்கப்படாத சொல் இருவரையும் பிணிக்காது என்பது காரணம். 1930ஆம் ஆண்டின் இந்தியச் சரக்கு விற்பனைச் சட்டம் 64ஆம் பிரிவில் இந்நெறியை ஏற்றுள்ளது. விலையை உயர்த்த விற்போன் பொய்க்கேள்வி கேட்பித்தால், கொண்டவன் அவ்விற்பனையைத் தள்ளிவிடலாம் என்பதும் அப்பிரிவிலேயே உள்ளது.

நிலத்திற்கு விதி இன்னும் கடியது. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், 21ஆம் கட்டளைப்படி, மன்ற ஏலத்தில் நிலத்தைக் கொண்டவன் நூற்றுக்கு 25 பங்கு உடனே கட்டவேண்டும். எஞ்சியதை 15 நாளுள் செலுத்தவேண்டும். தவறினால் மறுவிற்பனை, அதில் விலை குறையுமாயின் அக்குறைவும் அவன் தலையிலேயே விழும். கைச்செலவறக் கொடுத்த பழைய நெறியை நோக்க, 15 நாள் தவணை இரக்கமுடையதுதான்!

அக்கட்டளையின் 72, 73ஆம் விதிகளே எம் ஆராய்ச்சிக்கு மிகவும் வேண்டியவை. தீர்ப்பாணை பெற்ற கடன்காரன் மன்றத்தின் இசைவின்றிக் கேட்டல் ஆகாது. விற்பனைப் பணியில் ஈடுபட்ட அலுவலர் நேராகவோ பிறர் வாயிலாகவோ கேட்டல் அறவே ஆகாது. ஏன்? கடன்காரன் நாட்டம் நிலுவை மீள்வதில் நிற்கும். உயர்ந்த விலையில் நில்லாது. விற்பவனே கொள்பவனாயின் கேட்போர் குரல் குறைவதே அவனுக்கு ஆதாயம். இவ்விரு விதிகளையும் மனத்திற்கொண்டு உக்கல் ஆணையை மீண்டும் நோக்குக. வரியிறாதவனோடு ஓரூரில் வாழ்ந்து, அவன் நிலுவையின் சுமையையும் உணர்ந்த ஊரவரே அங்கு நிலத்தை விற்போராகவும் நிற்கின்றனர்.