மோகனாங்கி எங்கட ஊர்க்காரி

ஓ/எல் எழுதிப்போட்டு ரிசல்ட்ஸுக்காகக் காத்திருந்த மாசங்களில்தான் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் முடிச்சன். உட்துறைமுகப் பக்கம் ஒரு மதில்ல இருந்து வாசிச்சது. பிறகு ‘கடல் புறா’. அதுக்குப் பிறகு துறைமுகத்துக்கு எந்தக் கப்பல் வந்தாலும் எனக்கு இளையபல்லவன்தான் அதில நிண்டான். சரித்திரக் கதை எண்டால் காவிரிக்கரையில பிறந்து, கடல் தாண்டி எங்களிட்ட வாற சாமான் எண்டுதான் கனகாலம் நினைச்சிருந்தன்.

அது பிழை. தமிழின் முதல் சரித்திர நாவல் என்று ஆய்வாளர்கள் சொல்லும் ‘மோகனாங்கி’ 1895இல் சென்னையில் அச்சானது. எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை (1865–1902). அந்தத் ‘தி’ திருகோணமலை! கல்கி ‘பார்த்திபன் கனவு’ எழுத அப்போது இன்னும் 45 வருசத்துக்கு மேல இருந்தது. பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் இதை எங்களுக்குச் சொல்லேல்லை. அந்தக் கோபம் இன்னும் போகேல்லை.

அவர் தனியாளும் இல்லை. அண்ணன் கனகசுந்தரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களில் ஊறின அறிஞர், சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்பு வேலைகளுக்கு உதவியவர். ‘மோகனாங்கி’க்கு நாலு வருசம் முன்னம், 1891இல், ஐரோப்பியக் கதை ஒன்றைத் தழுவி ‘ஊசோன் பாலந்தை கதை’ எழுதின இன்னாசித்தம்பியும் திருகோணமலைக்காரர்தான். பிரிந்துபோன இரட்டைச் சகோதரர்கள், ஒருவனைக் கரடி வளர்க்கும், மற்றவன் அரண்மனையில் வளருவான். ஈழத்தின் முதல் நாவல்களைப் பேசும்போது, சித்திலெவ்வையின் ‘அசன்பே சரித்திரம்’ (1885) வந்த கையோடு இதையும் சொல்லுவார்கள்.

சரவணமுத்துப்பிள்ளை சென்னையில் நூலகராக இருந்தவர். எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. சுற்றிவரப் புத்தகம், நாள் முழுக்க அதோட பழக்கம்; அப்படி வாழ்ந்த ஒரு வாசகனுக்கு ஒரு கட்டத்தில தானும் எழுதவேணும்போல வந்திருக்கும். எடுத்தது நாயக்கர் காலம். திருச்சியில் இருந்து ஆண்ட சொக்கநாத நாயக்கர் தஞ்சை விஜயராகவ நாயக்கரிடம் பெண் கேட்டார், தஞ்சை மறுத்தது, சண்டை வந்து 1673இல் தஞ்சை விழுந்தது. சரித்திரத்தில் அந்தப் பெண் ஒரு காரணம் மட்டுந்தான். இவரோ அவளுக்கு மோகனாங்கி என்ற பெயரைக் கொடுத்து, புத்தகத்துக்கே அதை வைத்தார்.

இது தற்செயல் எண்டு நான் நம்பேல்லை. 1892இல் அவர் எழுதின ‘தத்தை விடு தூது’ பெண்ணின் உரிமையைப் பேசும் செய்யுள் நூல். பாரதி அப்ப பள்ளிக்கூடப் பிள்ளை. மரபாத் தூது விடுகிற வடிவத்துக்குள்ளேயே அந்தப் புதுக் கதையைப் புகுத்தினவர், மூண்டு வருசம் கழிச்சு நாவலிலும் பெண்ணைத்தான் முன்னால நிறுத்துகிறார்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. 37 வயதுக்குள் அவர் போய்விட்டார். நாவலைச் சுருக்கினார்கள், பெயரும் மாறியது: ‘சொக்கநாத நாயக்கர்’. மோகனாங்கி அட்டையில இருந்து இறங்கிவிட்டாள், ராசா ஏறிவிட்டார்.

ஒரு கேள்வி மட்டும் என்னை விடுகுதில்லை. கோணேசர் கோயிலை இடித்த கல்லில 1624இல் போர்த்துக்கேயர் கட்டின கோட்டை அவருடைய சொந்த ஊரில் நிற்குது. கதை வாசலிலேயே இருக்க, ஏன் தஞ்சாவூர்? அச்சகமும் வாசகரும் அங்க இருந்ததாலயா? இருக்கலாம். ஆனா வாசிக்கிறவன் தன்ர ஊரைக் கடைசியாத்தான் பார்ப்பான் எண்டும் தோணுது. மதில்ல இருந்துகொண்டு நானும் கடாரத்தைத்தானே பார்த்தன்.

‘மோகனாங்கி’க்கு இப்ப மீள்பதிப்பு வந்திருக்கு. 19ஆம் நூற்றாண்டு நடை, முதல் பக்கங்களில் மூச்சு வாங்கும். சத்தமா வாசிச்சுப் பாருங்க, பத்துப் பக்கத்தில காது பழகிடும்.