அறுந்த சந்தாவும் மீண்ட வாசகரும்

சந்தா நின்றுவிட்டால் வாசகர் மனம் மாறிவிட்டார் என்று பத்திரிகை நிலையத்தார் முடிவு கட்டுவது வழக்கம். மலாயாத் தோட்டப்புற வரலாறு வேறு காரணத்தைக் காட்டுகிறது.

கெடாவின் தென்கோடியில் கிரியான் ஆற்றங்கரையில் உள்ளது பண்டார் பாரு. ஆற்றுக்கு அப்பால் பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார். இத்தகைய பால்மரத் தோட்டப் பகுதிகளில் ஒருவர் பெயருக்கு வரும் தாளை எழுத்தறிந்தவர் உரக்கப் படிப்பார். லயத்தார் சூழ்ந்திருந்து கேட்பர். சந்தா ஒன்று அறுந்தால் ஒரு கூட்டமே தாளை இழந்தது.

1935-இல் சிங்கப்பூரில் தோன்றிய ‘தமிழ் முரசு’ ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் நின்றது. அந்நாளில் தோட்டத் தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். திரும்பாதார் மிகப் பலர். போர் ஓய்ந்தபின் பழைய முகவரிப் பட்டியலைப் பார்த்து நினைவூட்டுக் கடிதம் விடுத்தால் விடையெழுத யார் இருந்தனர்?

ஆசிரியர் கோ. சாரங்கபாணி தாளிலேயே மக்களுக்கு இடம் அளித்தார். 1950-களில் ‘மாணவர் மணிமன்றம்’ பகுதியில் சிறுவர் எழுத்து அச்சேறிற்று. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் மகன் பெயர் வந்த தாளைத் தேடியிருப்பாள் அன்றோ! மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழ் இடம்பெறத் திரட்டப்பட்ட ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குத் தொழிலாளரும் சிறுதொகை ஈந்தனர். காசு ஈந்தவர் அச்செய்தியை அறிய விழைவது இயல்பே.

மணிமன்றத்துச் சிறுவர் வளர்ந்து ஊர்தோறும் மன்றம் கண்டனர். மலேசியத் தமிழ் இளைஞர் மணிமன்றம் அவ்வழி வந்ததே.