பெயருள் மறைந்த நோய்: எலிக்காய்ச்சலும் நகர நாய்களும்

ஒரு நோயின் வரலாறு, அந்நோய்க்கு மக்கள் இட்டு வழங்கிய பெயர்களின் வரலாறுமாகும். காரணம் அறியப்படாத காலத்திலே நோய்கள் யாவும் புறக்குறிகளாற் பெயர் பெற்றன. உடல் மஞ்சளித்தாற் காமாலை என்றனர். குளிர்ந்து நடுங்கினாற் குளிர்காய்ச்சல் என்றனர். இவ்வாறு பெயரிட்டமையால், ஒரே நோய் ஊர்தோறும் வெவ்வேறு பெயர் பூண்டு பல நோய்களாய்த் தோன்றுதலும், பல நோய்கள் ஒரே பெயரின்கீழ் ஒளிந்து நிற்றலும் நிகழ்ந்தன. அங்ஙனம் பெயருள் நெடுங்காலம் மறைந்து கிடந்த நோய்களுள் ஒன்று, மருத்துவ நூலார் லெப்ரொஸ்பைரோசிஸ் என்றும் பொதுமக்கள் எலிக்காய்ச்சல் என்றும் வழங்கும் நோயாகும்.

இந்நோய் யாழ்ப்பாணத்தவருக்கு அயலார் நோயாகவே நெடுங்காலம் தோன்றியது. தென்னிலங்கையின் ஈரவலயத்து வயல்களிற் சேற்றில் இறங்கும் உழவரைப் பற்றும் நோய் அது என்பதே பொதுவான எண்ணம். 2024ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியிற் பெய்த பெருமழையால் குடாநாட்டின் பல பகுதிகள் வெள்ளத்துள் அமிழ்ந்தன. அடுத்து வந்த டிசம்பர் மாதத்தின் முற்பகுதியிலே, வடமராட்சி முதலிய பகுதிகளைச் சேர்ந்தோர் ஏழு பேர் சில நாட்களுள் ஒருவர்பின் ஒருவராகக் காய்ச்சலால் உயிரிழந்தனர். இன்ன காய்ச்சல் என்று துணிய இயலாமையால் மக்கள் அதனை மர்மக் காய்ச்சல் என்றனர். இரத்த மாதிரிகளைப் பரிசோதித்த பின்னரே அது எலிக்காய்ச்சல் என்பது வெளியாயிற்று. பெயர் தெரிந்ததும் மருந்தும் தெரிந்தது; ஆயின் அதற்குள் உயிர்கள் போயின. பெயர் அறியாமையின் விலை யாதென்பதற்கு இதனினும் அண்மையானதொரு சான்று யாழ்ப்பாணத்தவர்க்கு வேண்டுவதில்லை.

இந்நோயை மனிதரிடத்துத் தனியொரு நோயாகப் பிரித்துக் காட்டியவர் ஜேர்மனியின் ஹைடெல்பேர்க் நகரிற் பேராசிரியராயிருந்த அடோல்ப் வைல் என்பவர். காய்ச்சல், காமாலை, மண்ணீரல் வீக்கம், சிறுநீரகக் கேடு ஆகிய நான்கும் ஒருங்கு தோன்றும் நோயொன்றினை அவர் 1886ஆம் ஆண்டில் விவரித்தார். அந்நோய் வைலின் நோய் எனப் பெயர் பெற்றது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1898இல், ஸ்ருற்காட் நகரிலே நாய்க் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. அதன் பின்னர் நாய்களிடையே கடுநோய் ஒன்று பரவியது. வாந்தியும், வாய்ப்புண்ணும், மூச்சிலே துர்நாற்றமும், முடிவிற் சிறுநீரகச் செயலிழப்பும் அதன் குறிகள். மிருக வைத்தியர் அதனை ஸ்ருற்காட் நோய் என்றனர். இவ்விரு நகரங்களுக்கும் இடைப்பட்ட தூரம் யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு உள்ள தூரத்தினும் குறைவு. எனினும் அவ்விரு நோய்களும் ஒரு குடும்பத்துக் கிருமிகளின் செயலே என்பது விளங்க ஒரு தலைமுறைக் காலம் சென்றது. மனிதரின் நோயை மனித வைத்தியர் எழுதினர். நாயின் நோயை நாய் வைத்தியர் எழுதினர். ஒருவர் ஏட்டை மற்றவர் புரட்டிலர்.

கிருமியைக் கண்ணாற் கண்டவர்க்குங்கூடப் பெயர் மயக்கம் நீங்கவில்லை. 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் மஞ்சட் காய்ச்சல் பரவிய காலத்து, அந்நோயால் இறந்தவர் எனக் கருதப்பட்ட ஒருவரின் சிறுநீரகத்தை ஸ்ரிம்சன் என்னும் ஆராய்ச்சியாளர் நுணுக்குக்காட்டியின்கீழ் வைத்து நோக்கினார். அங்கே சுருள் வடிவான கிருமிகள் காணப்பட்டன. அவற்றின் நுனி வினாக்குறி போல வளைந்திருந்தமையால், வினவுவது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் அவற்றுக்கு 1907இற் பெயரிட்டார். அச்சொல் இன்றும் அக்கிருமியின் பெயரில் நிலைத்துள்ளது. கிருமி வினாவிய வினாவுக்கு அன்று விடை கூறுவார் இல்லை; இறந்தவர் மஞ்சட் காய்ச்சலால் இறந்தார் என்ற எண்ணமே நிலைபெற்றது.

விடை கீழைத்தேயத்திலிருந்து வந்தது. யப்பானின் கியூஷூத் தீவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பலர் காமாலையுடன் கூடிய கடுங்காய்ச்சலால் மாண்டனர். இனடா, இடோ என்னும் அறிஞர் இருவரும் 1915ஆம் ஆண்டளவில் அதன் கிருமியைக் கண்டறிந்தனர். அவ்வாண்டிலேயே முதலாம் உலகப் போரின் பதுங்கு குழிகளிற் சேற்றிலும் எலிகளின் நடுவிலும் கிடந்த படைவீரரின் நோயை ஆராய்ந்த ஜேர்மானிய வைத்தியரும் தாமாகவே அதே முடிவுக்கு வந்தனர். ஒரு கிருமியை, ஒருவரையொருவர் அறியாது, பகைநாடுகள் இரண்டின் அறிஞர் ஏறத்தாழ ஒரே காலத்துக் கண்டமை விந்தையே. எலிகள் தாம் நோயுறாது கிருமியைச் சிறுநீரகத்தில் தாங்கிச் சிறுநீர்வழி வெளியிடுகின்றன என்பதையும் யப்பானியர் 1917இல் வெளிப்படுத்தினர்.

இக்கிருமிக்கு லெப்ரொஸ்பைரா எனும் இனப்பெயரை இட்டவர் நொகுச்சி என்னும் யப்பானிய அறிஞர். ஆயினும் அப்பெயரை இட்டவரே அதன் மயக்கத்துள் அகப்பட்டமை இவ்வரலாற்றின் துயரப் பகுதியாகும். மஞ்சட் காய்ச்சலுக்கும் இவ்வினக் கிருமியே காரணம் என அவர் உறுதியாக நம்பினார். மஞ்சட் காய்ச்சலென அவருக்குக் காட்டப்பட்ட நோயாளருட் சிலர் உண்மையில் வைலின் நோயால் வருந்தியோர் என்பதே அவ்வெண்ணத்துக்கு ஏதுவாயிற்று எனலாம். மஞ்சட் காய்ச்சலை உண்டாக்குவது ஒரு வைரசு எனப் பிறர் நிறுவிய பின்னரும் உண்மையை நேரிற் காணவேண்டி ஆபிரிக்காவுக்குச் சென்ற அவர், 1928இல் அக்கிரா நகரில் அதே மஞ்சட் காய்ச்சலால் உயிர்நீத்தார்.

நிற்க. நாயின் நோய்க்கும் மனிதரின் நோய்க்கும் இடையே இருந்த சுவரை இடித்தவர் ஒல்லாந்தராவர். கிளாரன்பீக் என்னும் மிருக வைத்தியரும், சுமாத்திராவிற் பணியாற்றி வெப்பவலய நோய்களில் அனுபவம் பெற்றிருந்த ஷுஃப்னர் என்னும் மருத்துவரும் சேர்ந்து, 1933இல் ஊற்றெக்ற் நகரத்து நாயொன்றிலிருந்து இக்கிருமியின் வேறொரு வகையைப் பிரித்தெடுத்தனர். நாய்க்குரியது எனப் பொருள்பட அது கனிக்கோலா எனப் பெயர் பெற்றது. அடுத்த ஆண்டிலேயே அவ்வகைக் கிருமியால் மனிதரும் நோயுறுவர் என்பது பதிவாயிற்று. ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், மனித வைத்தியர் ஒருவரும் மிருக வைத்தியர் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்தபொழுதே இவ்வுண்மை புலப்பட்டது என்பதாம்.

நாய் இந்நோயை ஏற்கும் வழியும் கொடுக்கும் வழியும் எளியன. எலியின் சிறுநீர் கலந்த தேங்குநீரை நாய் குடிக்கின்றது, அதில் நடக்கின்றது, எலியைக் கௌவுகின்றது. கிருமி வாய், கண் முதலியவற்றின் மென்றோல் வழியாகவும், தோலிலுள்ள சிறு கீறல் வழியாகவும் உட்புகுந்து, இரத்தத்தோடு ஓடிச் சிறுநீரகத்திற் குடிகொள்ளும். சில நாய்கள் கடுநோயுற்று இறக்கும். சில யாதொரு குறியும் இன்றி நடமாடி, மாதக்கணக்கிற் சிறுநீர்வழி கிருமியை வெளியிடும். இத்தகைய நாய் கடிப்பதில்லை, நுரை தள்ளுவதில்லை, முற்றத்திற் படுத்து வாலாட்டும். ஆதலின் அதனை ஐயுறுவார் இலர். விசர்நாய் தன் நோயைப் பறைசாற்றிக்கொண்டு வரும். இந்நாயோ அமைதியாக வரும்.

இலங்கையிலே நாய் பற்றிய சட்டங்கள் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன. 1893ஆம் ஆண்டின் விசர்நாய்க்கடி நோய்க் கட்டளைச்சட்டமும், 1901ஆம் ஆண்டின் நாய்ப் பதிவுக் கட்டளைச்சட்டமும் நாயின் பல்லை மனத்திற்கொண்டே ஆக்கப்பட்டன. அது பிழையன்று; விசர்நாய்க்கடி தப்புதற்கரிய கொடுநோய். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நகர நாய் என்றதும் விசர் ஒன்றே அரசுக்கும் மக்களுக்கும் நினைவில் வந்தமையால், அதே நாய் வேறொரு நோயையும் தாங்கக்கூடும் என்ற எண்ணம் வேரூன்றவில்லை. எலிக்காய்ச்சல் என்ற பெயரும் இதற்குத் துணை செய்தது. பெயரில் எலி நின்றமையால், நாயும் மாடும் பன்றியும் அப்பெயருக்குப் பின்னால் மறைந்தன.

இலங்கையில் இந்நோய் பற்றிய ஆய்வு 1950களிலும் 1960களிலும் வளரலாயிற்று. இலங்கையின் பெயரால் சிலோனிக்கா என்று ஒரு கிருமிவகை அழைக்கப்படுகின்றது. ஆயினும் அறிவு ஏட்டில் இருத்தல் வேறு, ஊரவர் நினைவில் இருத்தல் வேறு. 2008ஆம் ஆண்டில் இலங்கையில் 7,000க்கு மேற்பட்டோர் இந்நோயுற்றனர். 200க்கு மேற்பட்டோர் மாண்டனர். அண்டையிலுள்ள அந்தமான் தீவுகளின் கதை இன்னும் பாடமாவது. அங்கே 1930ஐ அடுத்த ஆண்டுகளிலேயே இந்நோய் ஆராய்ந்து எழுதப்பட்டிருந்தது. எனினும் 1988இல் அது மீண்டும் தோன்றியபொழுது எவரும் இனங்கண்டிலர். அந்தமான் இரத்தப்போக்குக் காய்ச்சல் எனப் புதுப்பெயர் சூட்டினர். பழைய நோயே அது என்பது 1993இலேயே துணியப்பட்டது.

இனி யாழ்ப்பாண நகரின் இயல்பை நோக்குவோமாயின், இந்நோய் இங்கு வருதற்கு ஏதுக்கள் பல உள. குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை; சுண்ணக்கற் பாறைமேற் படிந்த மண்ணும், அதன் அடியிலுள்ள நன்னீருமே மக்களின் செல்வம். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டின் பெரும்பங்கு மழை. அக்காலத்து நீர் ஓட வழியின்றித் தாழ்ந்த ஒழுங்கைகளிலும், தூர்ந்த குளங்களிலும், அடைபட்ட வாய்க்கால்களிலும் நாட்கணக்கில் தேங்கும். இக்கிருமி வெயிலுக்கும் உலர்வுக்கும் உவர்நீருக்கும் அமிலத்துக்கும் அஞ்சும். ஆனால் வெப்பமும் ஈரமும் சிறிது காரத்தன்மையும் உடைய மண்ணிலும் நீரிலும் வாரக்கணக்கில் வாழும். கோடையில் வறண்டு அதற்குப் பகையாய் நிற்கும் இச்சுண்ணக்கல் நிலமே, மாரியில் நனைந்தவுடன் அதற்கு நட்பாகின்றது. சந்தையோரக் குப்பை எலிகளை வளர்க்கின்றது. அதே குப்பையைக் கட்டாக்காலி நாய்களும் கிளறுகின்றன. வெள்ளம் எலியை வளையிலிருந்து எழுப்புகின்றது. நாயைத் திண்ணைக்கு ஏற்றுகின்றது. சிறுவரை வெறுங்காலுடன் நீருள் இறக்குகின்றது. மூவரும் ஒரே நீரில் நிற்கும் காலம் அதுவே.

ஆயின் நாய்களைக் கொன்றொழித்தல் தீர்வாகுமோ எனின், ஆகாது. கொன்ற நாயின் இடத்துக்கு வேறொரு நாய் வரும். குப்பையும் எலியும் நீரும் இருந்தவாறே இருக்கும். அன்றியும், இந்நோய் வரலாற்றில் நாய் குற்றவாளி மட்டுமன்று, சான்றாளியுமாகும். எலி நோயுற்று வீழ்வதில்லை. ஆதலின் அது எவரையும் எச்சரிப்பதில்லை. நாய் வீழும். அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் 2021இல் ஏறத்தாழ 200 நாய்கள் இந்நோயுற்றன. ஸ்ருற்காட் கண்காட்சியிற் போலவே, நாய்கள் பல ஒருங்கு கூடி வைக்கப்பட்ட காப்பகங்கள் பலவற்றுக்குக் காரணமாயின. அங்குள்ள சுகாதாரப் பகுதியினர் நாய்களின் நோயை எண்ணிப் பதிந்தமையால் மக்களை வேளைக்கே எச்சரிக்க இயன்றது.

நாய்க்குரிய தடுப்பூசியும் உண்டு. அது எல்லா வகைக் கிருமியையும் தடுப்பதன்று; ஊசியில் அடங்கிய வகைகளையே தடுக்கும்; ஆண்டுதோறும் இடவும் வேண்டும். ஆதலின், ஓர் ஊர் நாய்களிடத்து எவ்வகைக் கிருமி உலவுகின்றது என்பதை முதலில் அறிதல் இன்றியமையாதது. யாழ்ப்பாணத்து மருத்துவ பீடம் 1978இல் தோன்றியது. மிருக வைத்திய பீடமோ தொலைவில் பேராதனையில் உள்ளது. மனிதரின் இரத்தம் ஓர் ஆய்வுகூடத்துக்கும் நாயின் இரத்தம் வேறோர் ஆய்வுகூடத்துக்கும் சென்று, இரண்டின் முடிவுகளும் ஓரிடத்தில் வைத்துப் பார்க்கப்படாதவரையில், ஹைடெல்பேர்க்குக்கும் ஸ்ருற்காட்டுக்கும் இடையே அன்று இருந்த சுவர் யாழ்ப்பாணத்திலும் நிற்கும்.

செய்யத்தக்கன அரியனவல்ல. மாரிக்கு முன் வாய்க்கால்களைத் தூர் எடுத்தல், குப்பையை மூடிவைத்து அகற்றல், வீட்டு நாய்க்கு விசர் ஊசியோடு இவ்வூசியையும் இடுவித்தல், நாயின் சிறுநீரை வெறுங்கையாற் கழுவாதிருத்தல், காலிற் புண்ணுடையோர் வெள்ளத்தில் இறங்காதிருத்தல் என்பன அவை. வெள்ளத்தின் பின் ஓரிரு வாரங்களுட் காய்ச்சலும், தசைநோவும், கண்சிவப்பும் கண்டால், தான் நின்ற நீரையும் தன் வீட்டு நாயின் நலத்தையும் வைத்தியரிடம் சொல்லுதல் வேண்டும். தொடக்கத்திலேயே இனங்காணின் பெனிசிலின், டொக்சிசைக்கிளின் முதலிய மருந்துகள் உயிரைக் காக்கும்.

மருந்து அதிகாரத்திலே வள்ளுவர், நோயை அறிதலோடு அமையாது அதன் தோற்றுவாயையும் தேடுக எனப் பணித்தார். எலிக்காய்ச்சலின் வரலாறு அப்பணிப்புக்கு விரிந்ததோர் உரையாகும். வைலின் நோய், ஸ்ருற்காட் நோய், அந்தமான் காய்ச்சல், மர்மக் காய்ச்சல் எனப் பெயர் மாறிய ஒவ்வொரு முறையும் நோய் முந்தியது, அறிவு பிந்தியது. அடுத்த மாரியில் யாழ்ப்பாணத்து ஒழுங்கை ஒன்றில் நாயொன்று உணவை மறுத்து, வாந்தி எடுத்து, கண் மஞ்சளித்துக் கிடக்குமாயின், அதனை இழுத்துப் புதைப்பதற்கு முன் எவரேனும் மிருக வைத்தியருக்கு அறிவிப்பாராக. அவ்வறிவிப்பு அவ்வொழுங்கையில் வாழும் மனிதருக்கு ஒரு கிழமை முந்திய எச்சரிக்கையாக அமையக்கூடும்.