மரபுரிமத்தில் 'தான்' என்பது யார்?

உயிலில் வரும் 'நான்' அதை எழுதியவரையே என்றும் குறிக்கும். பேரன் உரக்க வாசித்தாலும் அது பேரனைச் சுட்டாது. உறுதிமொழியில் வரும் 'நான்' அதைச் சொல்பவரைச் சுட்டும். வாசகத்தை யார் எழுதியிருந்தாலும் பொறுப்பு சொல்பவருடையது. நிரல்மொழிகளின் வரலாற்றிலும் இவ்விரு சுட்டுகளுக்கிடையே நீண்ட இழுபறி உண்டு.

கிளாஸ் எனப்படும் இனக்குழுவையும் அதன் மரபுரிமத்தையும் நிரலாக்கத்துக்கு அளித்தது, நார்வேயில் டாலும் நிகார்டும் உருவாக்கிய சிமுலா 67. 1970களில் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் வளர்ந்த ஸ்மால்டாக், இனக்குழுவையே ஒரு பொருளாகக் கருதியது. ஆகவே தாய் இனக்குழுவில் எழுதப்பட்ட செயற்கூறைச் சேயின் பெயரால் அழைத்தால், அதனுள் வரும் 'ஸெல்ஃப்' சேயையே சுட்டும். அது உறுதிமொழியின் இலக்கணம்.

சி++ வேறு வழியில் சென்றது. 1989-இல் வெளிவந்த அதன் 2.0 பதிப்பில் ஸ்டாடிக் செயற்கூறுகள் சேர்ந்தன. அவை எந்தப் பொருளையும் சாராதவை. எது இயங்கும் என்பது நிரல்பெயர்ப்பின்போதே முடிவாகிவிடும். ஜாவாவும் இதையே பின்பற்றியது. சேய் அதே பெயரில் ஒரு ஸ்டாடிக் செயற்கூறை எழுதினால் தாயினுடையது மறைக்கப்படும். ஆனால் தாயின் நிரலுக்குள்ளிருந்து எழும் அழைப்பு சேயைச் சென்றடையாது. இது உயிலின் இலக்கணம்.

இந்த வேறுபாடு பிஎச்பி மொழியில் நடைமுறைச் சிக்கலாயிற்று. 2004-இல் வெளிவந்த பிஎச்பி 5-இல் 'ஸெல்ஃப்' என்பது செயற்கூறு எழுதப்பட்ட இனக்குழுவையே குறித்தது. 'பதிவு' என்னும் தாய் இனக்குழுவில், தன் வகைப் பொருளொன்றை ஆக்கித் தரும் 'உருவாக்கு' என்ற ஸ்டாடிக் செயற்கூறு இருப்பதாகக் கொள்வோம். அதன் சேயான 'பயனர்' வழியாக அதை அழைத்தாலும் கிடைப்பது பதிவே, பயனர் அன்று. அதே ஆண்டில் ரூபி மொழியில் வெளிவந்த ரெயில்ஸ் கட்டமைப்பில் இத்தகைய அழைப்புகள் இயல்பாக இயங்கின. ரூபியில் இனக்குழுவும் பொருளே. பிஎச்பியிலோ ஒரே செயற்கூறை ஒவ்வொரு சேயிலும் படியெடுத்து எழுத நேர்ந்தது. படியெடுப்பதைத் தவிர்ப்பதற்கே மரபுரிமம் இருக்கிறது என்பதை நினைத்தால் இழப்பின் அளவு புரியும்.

2009 ஜூன் 30 அன்று வெளிவந்த பிஎச்பி 5.3 இதற்குத் தீர்வு தந்தது. 'லேட் ஸ்டாடிக் பைண்டிங்' எனப்படும் அவ்வசதி, அழைக்கப்பட்ட இனக்குழு எது என்பதை இயங்குநேரத்தில் நினைவில் கொள்கிறது. அதைக் குறிக்கப் புதுச்சொல் ஆக்காமல், முன்பே ஒதுக்கப்பட்டிருந்த 'ஸ்டாடிக்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டனர். முன்கூட்டியே முடிவாவதற்குப் பெயராயிருந்த சொல், இயங்கும்போது முடிவாவதற்கும் பெயராயிற்று.

பழைய 'ஸெல்ஃப்' நீக்கப்படவில்லை. எல்லாச் சேய்களிலும் மாறாதிருக்க வேண்டிய விதிக்கு அதுவே பொருந்தும். சேய் தன் பெயரில் பேச வேண்டிய இடத்துக்கு 'ஸ்டாடிக்' வேண்டும். இரண்டில் எது என்பதைத் தாய் இனக்குழுவை எழுதுபவரே தீர்மானிக்கிறார். தனக்குப் பின் வருவோர்க்கு உயிலை விட்டுச்செல்வதா, உறுதிமொழியை விட்டுச்செல்வதா என்பது அவர் கையில் உள்ளது.